பொழுதுபோக்கா, தொழிலா?

விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களை ஆசைக்காக வளர்ப்போர் உண்டு. அச்சங்குளத்தில் ஓய்வூதியம் பெறும் ஒருவர் அவ்வாறு வளர்த்து, ஆண்டுதோறும் குட்டிகளை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்கு வருமான வரி உண்டா? பொருளியல் கற்பித்தவன் என்பதால் இத்தகைய கேள்விகள் என்னிடமும் வருவதுண்டு. "பொழுதுபோக்குதானே" என்ற சமாதானமும் கூடவே வரும்.

வருமான வரிச் சட்டத்தில் பொழுதுபோக்கு என்றொரு தலைப்பே இல்லை. வணிகம், உற்பத்தி ஆகியவற்றோடு வணிகத் தன்மை கொண்ட எந்த முயற்சியையும் அது தொழில் என்கிறது. 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கமும் இதுவே. கோவை பீளமேட்டில் ஜனார்த்தனா ஆலையின் நிர்வாக முகவரான ஜி. வெங்கடசாமி நாயுடு நிறுவனம், ஆலையை ஒட்டிய மனைகளை 1941-42-இல் சுமார் 8,700 ரூபாய்க்கு வாங்கி, 1947-இல் அந்த ஆலைக்கே 52,600 ரூபாய்க்கு விற்றது. அது வெறும் முதலீடு என்ற வாதத்தை உச்சநீதிமன்றம் 1958-இல் ஏற்கவில்லை. நிலத்தில் பயிரிடவுமில்லை, வேறு பயன் கொள்ளவுமில்லை. ஆலைக்கு விற்பதே தொடக்கம் முதல் நோக்கம் என்றது. எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒற்றை உரைகல் இல்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஒருமுறை விற்றதே தொழிலானால், ஆண்டுதோறும் விற்கும் குட்டிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நட்டத்தில்தான் நிலைமை சிக்கலாகிறது. அமெரிக்காவில் தொழில் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். அதனால் பொழுதுபோக்கையும் தொழில் எனக் காட்டும் ஆசை எழுகிறது. ஐந்தாண்டுகளில் மூன்றில் லாபம் கண்டால் பொதுவாகத் தொழில் எனக் கருதுவது அங்குள்ள வழக்கம். நம் சட்டமோ, தொழில் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே விடுவதில்லை. அரசு ஓய்வூதியமும் சம்பளமே. பந்தயக் குதிரை வளர்ப்போருக்கு இன்னும் கெடுபிடி: அந்த நட்டம் அதே வகை வருமானத்தில் மட்டும், நான்காண்டு வரை. லாபத்தில் பங்கு கேட்கும் அரசு நட்டத்தில் ஒதுங்குவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் செல்வந்தரின் ஆசைக்குப் பொதுக் கருவூலம் தீனி போடலாகாது என்பதால் எனக்கு அது உடன்பாடே.

நம் நாய் வளர்ப்பவர் செய்ய வேண்டியது, தீவனம், தடுப்பூசிச் செலவுகளின் ரசீதுகளையும் விற்பனைக் கணக்கையும் பேணுவது. நட்டமானாலும் உரிய நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்தால், எட்டாண்டு வரை பிற்காலத் தொழில் லாபத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.