வெண்குருதி நோயும் முதல் மருந்தும்

1845ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் இரு நகரங்களில் இரு வைத்தியர்கள் இறந்தோரின் குருதியைச் சோதித்து வியப்புற்றனர். எடின்பரோவில் ஜோன் ஹியூஸ் பென்னற், குருதியிலே சீழ் உண்டாயிற்று எனக் கருதினார். பேர்லினில் ருடோல்வ் விர்கோ, அது சீழன்று, குருதியின் வெண்கலங்களே அளவிறந்து பெருகியுள்ளன என்றார். 1847இல் அவர் இட்ட லுயுக்கேமியா என்னும் பெயர் கிரேக்க மொழியில் வெண்குருதியைக் குறிக்கும். இந்நோயில் மெல்ல முற்றுவதும் உண்டு; விரைந்து கொல்வதும் உண்டு. பிந்தியதை 1889இல் வில்ஹெல்ம் எப்ஸ்ரைன் தனிவகையாகப் பிரித்துக் காட்டினார்.

குருதிக் கலங்கள் பிறக்குமிடம் என்பு மச்சை. கடும் வெண்குருதி நோயில் அங்கே முதிராத வெண்கலங்கள் கட்டுக்கடங்காது பெருகி, ஏனையவற்றுக்கு இடமில்லாது செய்கின்றன. செங்கலங்கள் குறைய உடல் வெளிறிச் சோர்கின்றது. குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகள் குறைய, முரசிலும் தோலின் கீழும் குருதி கசிகின்றது. முதிர்ந்த வெண்கலங்கள் இன்மையால் காய்ச்சல் விடாது தொடர்கின்றது.

1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுக்குண்டுக்குத் தப்பியோரிடையே சில ஆண்டுகளில் இந்நோய் மிகுந்தது. கதிர்வீச்சு ஒரு காரணம் என்பது அதனால் உறுதியாயிற்று. பென்சீன் ஆவியும் மற்றொரு காரணமாகும். ஆயினும் நோயாளர் பெரும்பாலாரில், கலத்தின் பரம்பரையலகுகள் ஏன் மாறின எனக் கூற இயலாது. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று.

நூறாண்டுகளாக இதற்கு மருந்தில்லை. பொஸ்ரன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் நோயியல் வல்லுநராயிருந்த சிட்னி பாபர், போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தின் வகைகளை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, முன்னிலும் விரைந்து வளர்வதாகவே தோன்றிற்று. அத்தோல்வியிலிருந்து ஒரு வினா எழுந்தது. இச்சத்து நோயை வளர்க்குமாயின், இச்சத்தை மறித்தால் நோய் தளராதோ?

சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பராவ், அங்கு லெடர்லே ஆய்வுகூடத்தை நடத்தி வந்தார். போலிக் அமிலத்தின் வடிவை ஒத்து, அதன் தொழிலை மறிக்கும் அமினோப்தெரின் அவ்வாய்வுகூடத்திலிருந்தே கிடைத்தது. 1948 யூன் மாதம் பாபர் தம் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளுள் 10 பேர் தேறியிருந்தனர். எனினும் அந்தத் தேற்றம் நிலைக்கவில்லை, நோய் மீண்டது. சுப்பராவும் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் காலமானார்.

தனி மருந்து போதாதெனக் கண்ட வைத்தியர்கள், 1960களில் பல மருந்துகளைச் சேர்த்து நெடுங்காலம் அளிக்கும் முறையை வகுத்தனர். முதியோரிடத்தில் இந்நோய் இன்றும் கொடிதே. ஆனால் வசதி மிக்க நாடுகளில், சிறுவரைப் பெரிதும் பீடிக்கும் நிணநீர்க்கல வகையினின்றும் 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கின்றனர். சில மாதங்களே நீடித்த அக்குழந்தைகளின் தேற்றம் இதற்கு வழிகாட்டிற்று.