மவுன்டன் சாலையின் ஓரறைப் பள்ளி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஹென்ரிகோ கவுண்டியில் மவுன்டன் சாலைப் பள்ளி என்பது ஓர் அறை மட்டுமே கொண்ட கட்டடம். 1892-இல் அங்கு ஆசிரியராக அமர்ந்தவர் வர்ஜீனியா எஸ்டெல் ராண்டால்ஃப். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அவர் சுவருக்கு வெள்ளையடித்தார், வாசலில் சரளை பரப்பினார். எழுத்தோடும் எண்ணோடும் தையல், சமையல், தோட்டவேலை ஆகியவற்றையும் பாடமாக்கினார். பெற்றோர் சிலர் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. புத்தகம் படிக்கவென்று பிள்ளைகளை அனுப்பியவர்களுக்குக் கைவேலை அடிமைக்காலத்தின் தொடர்ச்சியாகத் தோன்றியிருக்கக்கூடும். ராண்டால்ஃப் அவர்களை வீடு தேடிச் சென்று கண்டார்.

ஃபிலடெல்ஃபியாவின் குவேக்கர் பெண்மணி அன்னா ஜீன்ஸ், தென்மாநிலங்களின் கறுப்பினக் கிராமப் பள்ளிகளுக்காக 10 லட்சம் டாலர் அளித்திருந்தார். அந்நிதியைக் கொண்டு கல்விக் கண்காணிப்பாளர் ஜாக்சன் டேவிஸ் 1908-இல் ராண்டால்ஃபை முதல் 'ஜீன்ஸ் ஆசிரியர்' ஆக்கினார். கவுண்டியின் 20-க்கும் மேற்பட்ட பள்ளிகள் அவர் பொறுப்பில் வந்தன. அவரது முதலாண்டு அறிக்கை பிற தென்மாநிலங்களுக்கும் சென்றது. பிற்காலத்தில் உள்ளூர்ப் பள்ளியொன்று அவர் பெயரைத் தாங்கியது உண்மையே. ஆயினும் பதவி கொடையாளரின் பெயரையும், கற்பிக்கும் முறை 'ஹென்ரிகோ திட்டம்' என நிலத்தின் பெயரையும் பெற்றன. ஓரறைக்குள் 16 ஆண்டுகள் அதனைச் செய்து பார்த்தவரின் பெயர் இரண்டிலும் இடம்பெறவில்லை. அவர் ஓய்வு பெற்றது 1949-இல்.