செட்டிநாட்டு வளவும் பங்கு முறையும்

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களிற் பரவியுள்ள ஊர்த்தொகுதியே செட்டிநாடு. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் 1940-கள் வரை நாட்டுக்கோட்டை நகரத்தார் இங்கு எழுப்பிய மனைகளைப் பற்றி எழுதுவோர், பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் ஆத்தங்குடித் தளக்கற்களையுமே பெரிதும் வியந்துரைப்பர். அவை செல்வத்தைக் காட்டுவன. மனையின் அமைப்பு விதியைக் காட்டுவன அல்ல. அவ்விதியை அறிய உறுப்புகளின் பெயர்களே நமக்குத் துணையாகும்.

பெருமனை ஒரு தெருவில் முகப்புடன் தொடங்கி மறுதெருவிற் சென்று முடியும். திண்ணையுடன் கூடிய முகப்பு ஆடவர் வணிகம் பேசுமிடம், அடுத்தது வளவு, அதன்பின் இரண்டாங்கட்டு, இறுதியில் அடுப்படி. இவற்றுள் நடுநாயகமாவது வளவே. யாழ்ப்பாணத் தமிழில் இச்சொல் வேலி சூழ்ந்த மனைநிலத்தைச் சுட்டும். செட்டிநாட்டிலோ, வீட்டினுள் வானோக்கித் திறந்த முற்றத்தையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் சுட்டும். சூழ்தற்பொருள் ஈரிடத்தும் நிற்றல் காண்க.

முற்றத்தைச் சூழ்ந்த அறைகள் ‘வீடு’ என்றே வழங்கும். வீட்டினுள் வீடு என்னும் இவ்வழக்கின் காரணம் யாது? நகரத்தாரிடையே மணமான இணையர் ஒரு ‘புள்ளி’. கோயில் வரியும் புள்ளிக் கணக்கிலேயே தண்டப்படும். மணமான மகனை ‘வேறு வைத்தல்’ அவர் மரபு. அவனுக்குத் தனிச் செலவு, தனி அடுப்பு, தனி அறை உண்டு. திருமணமும் சடங்கும் நிகழும் வளவோ அனைவர்க்கும் பொது. ஆகவே இதனைக் கூட்டுக்குடும்ப இல்லம் என்று மட்டும் கூறியமைதல் பொருந்தாது. பல குடும்பங்கள் ஒரு கூரையின்கீழ்க் கணக்குப் பிரித்து வாழ்ந்த இல்லம் என்பதே பொருந்தும்.

1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். 1948-இல் அந்நாட்டில் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. மனைகளைத் தாங்கிய வருவாய் அற்றது. பங்காளிகளோ தலைமுறைதோறும் பெருகினர். அறையைப் பங்கிடலாம், வளவைப் பங்கிட இயலாது. பராமரிக்கும் பொருட்டு அனைவரும் ஒன்றுபடாதவிடத்து மனை பிரிக்கப்பட்டது. தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளை அடைந்தன. எனினும், எவரும் தனித்து விற்க இயலாமையாலேயே எஞ்சி நிற்கும் மனைகளும் உள. ஆக்கியதும் அழித்ததும் காத்ததும் ஒரே பங்கு முறையாம்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. மரத்தையும் கல்லையும் அளந்தெழுதுதல் எளிது. எந்த அறை எப்புள்ளிக்குரியது, அதற்கு வழங்கிய பெயர் யாது என்பவற்றை முதியோர் வாய்மொழியினின்றே பெறல் வேண்டும். அப்பணி தமிழ்த்துறையினர்க்கு உரியது என்பதே நம் துணிபு.