அறியும் சாட்சி

கி.பி. 849. சேர மன்னன் தாணு இரவியின் 5ஆம் ஆட்சியாண்டு. வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடி, கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிச் செப்பேடு பொறித்தார். வட்டெழுத்தில் அமைந்த அதன் மொழியைத் தமிழ் என்பாரும் உளர். பழைய மலையாளம் என்பாரும் உளர். இறுதி ஏட்டிலோ முற்றிலும் வேறு எழுத்துகள்: கூஃபி அரபியில் 11 பேர், பஹ்லவியில் 10 பேர், எபிரேய எழுத்திலான பாரசீகத்தில் 4 பேர் எனக் கடல்வழி வந்தோர் சாட்சிக் கையொப்பமிட்டுள்ளனர்.

அவர்கள் வட்டெழுத்தைப் படித்தறிந்திருப்பார்களா என்பது ஐயமே. எனில், எதற்குச் சாட்சி? கொடை நிகழ்ந்தது என்பதற்கே. தமிழ்க் கல்வெட்டுச் சாட்சிகள் ‘அறிவேன்’ என்று கையொப்பமிட்டனர். மலையாள ஆவணங்கள் ‘அறியும் சாட்சி’ என்றன. எழுத்தறிவன்று, நிகழ்வறிவே சாட்சியின் தகுதி. எழுதத் தெரியாதோர் இட்ட அடையாளமான ‘தற்குறி’யும் அன்று செல்லுபடியாகும் ஒப்பமே, இன்று அச்சொல் வசையாகத் தேய்ந்துவிட்டது.

வேணாடு திருவிதாங்கூராக விரிந்து, தலைநகர் திருவனந்தபுரமாயிற்று. இன்று அந்நகரில் 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் நோட்டரி, கையொப்பத்துக்குச் சான்றளிக்கையில் உறுதிசெய்வதும் ஆவணத்தின் உண்மையை அன்று; இன்னார் தம்முன் கையொப்பமிட்டார் என்பதையே. முத்திரை மாறியது, கண்ணெதிரே கண்டறிதல் என்னும் அடிப்படை மாறவில்லை.