மலைக்கு அந்தப் பக்கம் வேறு சீமை

வேறு மாநிலத்துக்குக் குடிபோக இன்று பெட்டி கட்டி டிக்கெட் எடுத்தால் போதும். நூறு வருடங்களுக்கு முன்?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே தேயிலை, ஏலத் தோட்டங்கள். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் தந்த முன்பணத்தில்தான் பயண ஏற்பாடே நடந்தது. வேலையில் சேர்ந்தபின் அதுவே கடன்; அடைக்காமல் ஊர் திரும்ப முடியாது. பலர் அங்கேயே தங்கிவிட்டனர்.

தமிழர் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிப் போராட்டம் நடந்தது. ஆனால் 1956 நவம்பர் 1 அன்று அவை கேரளத்தில் சேர்ந்தன. பிழைக்கப் போன இடமே பிள்ளைகளுக்குச் சொந்த மாநிலமானது.

இன்றும் கம்பம், போடி பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகின்றன. ஒரு வித்தியாசம்: இவர்கள் மாலையில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.