தேங்காயின் கண்ணும் காணியின் உறுதியும்

கடையில் வாங்கிய தேங்காயை முளைக்கவைக்கலாமா? ஒரு காயின் விலை இருநூறு ரூபாவைக் கடந்த 2025ஆம் ஆண்டிலே இவ்வினா நம்மவர் மனத்தில் எழுந்திருத்தல் இயல்பே. விடை எளிது. காய் நன்கு முற்றியிருத்தல் வேண்டும். குலுக்கும்போது உள்ளே நீர் ஆடுதல் வேண்டும். கண்கள் ஊறுபடாதிருத்தல் வேண்டும். இவை மூன்றும் இருப்பின் உரித்த தேங்காயும் முளைக்கும். பொச்சு இல்லாமையால் அது விரைவில் உலர்ந்துவிடும். ஆதலால் ஈரமும் இளஞ்சூடும் குன்றாத இடத்தில் வைத்துப் பேணுதல் அவசியம். மூன்று கண்களிலும் மென்மையான ஒன்றே முளைக்கு வழிவிடும். வெளியே குருத்துத் தலைகாட்டும்போது உள்ளே பூரான் திரண்டு, நீர் நின்ற குழியை நிரப்பி, பருப்பைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக் குருத்துக்கு ஊட்டுகின்றது. பல மாதங்கள் தாய்க்காயின் உணவையே உண்டு வளரும் இக்கன்றைத் தமிழர் 'பிள்ளை' என்றழைத்தமை எத்துணைப் பொருத்தமானது!

தென்னைக்குப் பக்கக்கன்று இல்லை. கிளையை வெட்டி நட்டு வளர்க்கவும் இயலாது. தோப்பிலே நிற்கும் ஒவ்வொரு மரமும் ஒரு தனித் தேங்காயிலிருந்து வந்ததே. நெல்லைப் போல் இதன் விதையை ஆண்டுக்கணக்கிற் சேமித்து வைக்கவும் முடியாது. முற்றிய காய் தன் காலம் வந்ததும் முளைக்கவே முற்படும். ஆகவே தென்னையின் விதையை எவரும் பூட்டிவைத்து ஏகபோகம் கொண்டாட இயலாது. ஏழையின் சமையலறைக்கு வந்த காயும் ஒரு மரத்தின் தொடக்கமே. ஆயினும் நெட்டைத் தென்னை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் செல்லும். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலும் நின்று பயன்தரும். அத்தனை காலம் காத்திருக்க ஒருவனுக்கு வேண்டுவது விதையன்று, நிலம். இலங்கைத் தென்னையின் வரலாற்றை இவ்விடத்திலிருந்து நோக்குதலே தகும் என்பது எமது துணிபு.

1840ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டிலே விக்டோரியா மகாராணியின் திருமணம் நடைபெற்றது. கொண்டாட்டத்துக்கென யன்னல்களில் ஏற்றத்தக்க மலிவான மெழுகுதிரியொன்றை இலண்டனின் பிறைஸ் நிறுவனம் ஆக்கியது. கொழுப்புடன் அதிற் கலக்கப்பட்டது தேங்காயெண்ணெய். அந்நிறுவனத்தாருக்கு இலங்கையிலே ஆயிரம் ஏக்கர் தென்னந்தோட்டம் இருந்தது. அதே 1840இல் இங்கு இரண்டு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது 12ஆம் இலக்கச் சட்டம். சேனை செய்து, பின் சில காலம் நிலத்தை ஆறவிடும் குடியானவன் தன் உரிமைக்கு எழுத்துச் சான்றை எங்கே தேடுவான்? காணிமீதான உரிமை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதியினாலேயே கைமாறும் என்றது 7ஆம் இலக்கச் சட்டம். முதலாவது சட்டத்தை வரலாற்று மாணவர் யாவரும் அறிவர். இரண்டாவதைப் பற்றி நாம் போதியளவு பேசுவதில்லை.

தென்னந்தோட்டங்கள் பல எவ்வாறு உருவாயின என்பதை அறிந்தால் அச்சட்டத்தின் வலிமை விளங்கும். நிலக்காரர் தம் காட்டைக் காணியற்ற குடியானவனிடம் ஒப்படைப்பார். அவன் காட்டை வெட்டி எரிப்பான், வேலியடைப்பான், தேங்காய்களை முளைக்கவைத்துப் பிள்ளைகளை நடுவான், கோடையில் குடம் குடமாய் நீர் சுமப்பான், மாட்டிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் காப்பான். இடையிலே வாழையும் மரவள்ளியும் இட்டுச் சீவிப்பான். மரம் காய்க்கத் தொடங்கியதும் சில இடங்களிலே பாதிப் பங்கு அவனைச் சேரும். வேறு சில இடங்களிலே உயிரோடு நிற்கும் மரத்துக்கு இவ்வளவு எனக் கூலி எண்ணிக் கொடுத்து அனுப்பிவிடுவர். பங்கு பேசப்பட்டது பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே. வாய்ச்சொல்லால் மண்ணிலே பங்கு கிடையாது என்றது சட்டம். நீதிமன்றம் சென்றவனுக்குச் செய்த விருத்திக்கான நட்டஈடு கிடைத்தாலே பெரும் பேறு. பாலை ஊட்டி வளர்த்தவளிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இந்நிலக்காரர் எல்லோரும் வெள்ளையர் என எண்ணிவிடலாகாது. கோப்பியும் தேயிலையும் பெரும்பாலும் ஐரோப்பிய முதலைச் சார்ந்திருக்க, தென்னையோ சுதேச முதலாளியின் செல்வமாயிற்று. சாராயக் குத்தகையில் திரண்ட பணம் தென்னங்காணியாக மாறியதை குமாரி ஜயவர்த்தன விரிவாக ஆராய்ந்துள்ளார். அந்நியனைத் தூற்றி நம்மவனை மறைக்கும் வரலாறு அரை வரலாறேயாம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு ஐம்பது ஏக்கர் என வரம்பிட்டது. தோட்டங்கள் கைமாறின, ஆனால் எடுத்த காணியிற் பெரும்பகுதி அரச நிறுவனங்களிடமே சென்றது.

விதையைப் பற்றிய அறிவிலும் இந்நாடு பின்தங்கியிருக்கவில்லை. 1929இல் லுணுவிலவில் தென்னை ஆராய்ச்சி தொடங்கியது. நெட்டைத் தென்னை அயல்மரத்தின் பூந்தாதினாற் கருவுறுவது. சிறந்த தாய்மரத்தைத் தெரிந்தாலும் தந்தை எதுவென்று அறிய வழியில்லை. இவ்விடரைத் தீர்க்க 1955இல் அம்பகெல்லவிலே பிற தென்னைகளின் தாது எட்டாதவாறு தனித்தவொரு விதைத்தோட்டம் அமைக்கப்பட்டது. டி. வி. லியனகே முதலிய நம் நாட்டு அறிஞரின் உழைப்பு அது. நாற்றுமேடையிலே காய்களைக் கிடையாகப் பதித்து, முந்தி முளைத்துத் திடமாக நிற்பவற்றைத் தெரிந்து, பிந்தியவற்றைக் கழிப்பர். கடைத்தேங்காயில் இத்தெரிவு இல்லை. அது முளைக்கும், எத்தகைய மரமாகும் என்பதைக் காலமே காட்டும்.

நம் வடபுலத்துக்கு வருவோம். பச்சிலைப்பள்ளியில் 1840களிலேயே ஐரோப்பியர் தோட்டம் இட்டனர். பின்னர் அவை யாழ்ப்பாணத்தாரின் கைக்கு வந்தன. போர்க்காலத்தில் எறிகணை பட்டு வட்டிழந்த தென்னைகள் பளையிலும் முகமாலையிலும் வெறும் தூண்களாய் நின்றமையை அவ்வழியே சென்றோர் அறிவர். 2009இல் போர் ஓய்ந்து பத்தாண்டு கடந்த பின்னரும் முகமாலையிலே கண்ணிவெடி அகற்றும் பணி தொடர்ந்தது. 2025இல் வடக்கிலே தென்னை முக்கோணம் ஒன்றை உருவாக்கும் திட்டத்தை அரசு தொடக்கிவைத்தது. நட்ட பிள்ளைகள் காய்ப்பதற்கு 2031 ஆகும். அந்த ஆறு ஆண்டுகளும் நீர் ஊற்றுபவன் குத்தகைக்காரனா, கூலியாளா, காணிக்குரியவனா என்பதைத் திட்டத்தின் பத்திரங்களிலே நாம் தேடிப் படித்தல் வேண்டும். படித்து, அவன் பெயரில் உறுதி எழுதப்பட்டிருக்கின்றதா என்று இப்போதே கேட்டல் வேண்டும்.