வளையம் கேட்கும் கடிதம்

புளியந்தோப்பு மொட்டைமாடிகளில் ஹோமர் புறா வளர்ப்பவர்களுக்கு வளையத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. குஞ்சு பொரித்து ஒரு வாரம் சொச்சத்துக்குள் காலில் மாட்டிவிட வேண்டும். கால் பருத்துவிட்டால் வளையம் ஏறாது. ஏறியது பிறகு இறங்காது. பந்தயப் புறாவுக்கு அந்த எண்தான் பிறப்புச் சான்றிதழ். அப்படியே ஆட்டுத்தொட்டிப் பக்கம் நடந்தால் மாட்டின் காதில் மஞ்சள் வில்லை தொங்குகிறது, அதில் 12 இலக்கம். காட்டுயிர் ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் பையில் போட்டுக்கொண்டு அலையும் கருவிகளில் ஒன்று இந்தப் புறா வளையத்துக்குப் பங்காளி. இன்னொன்று இந்தக் காது வில்லைக்கு நேர் வாரிசு.

பறவைகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்ற கேள்விக்கு ஐரோப்பா வெகுகாலம் வேடிக்கையான பதில்களையே வைத்திருந்தது. குளத்தடிச் சேற்றில் உறங்குகின்றன என்று படித்தவர்களே எழுதினார்கள். 1822-இல் ஜெர்மனியின் க்ளூட்ஸ் அருகே ஒரு வெண்நாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஏற்கெனவே ஓர் அம்பு குத்தி நின்றது. ஆப்பிரிக்க அம்பு, சுமார் முக்கால் மீட்டர் நீளம். ஆக, இந்தப் பறவைக்கு அடையாளம் மாட்டி அனுப்பியவர் பெயர் தெரியாத ஒரு ஆப்பிரிக்க வேடர். அவர் எண்ணியது என்னவோ இரவுச் சாப்பாட்டைத்தான். அந்த நாரை பாடம் செய்யப்பட்டு இன்றும் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது.

அம்புக்குப் பதில் வளையம் வர ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தேவைப்பட்டார். டென்மார்க்கின் விபோர்க் ஊரைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன், 1890-இல் நம் மைனாவின் உறவான ஸ்டார்லிங்குகளுக்குத் துத்தநாக வளையம் மாட்டிப் பார்த்தார். கனம் தாங்கவில்லை. கைவிட்டுவிட்டார். அவருடைய சிக்கலுக்குத் தீர்வு வேதியியல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் சார்லஸ் ஹால், பிரான்சில் பால் ஏரூ என்று 1863-இல் பிறந்த இரண்டு இளைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, 1886-இல் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை வெள்ளியோடு வைத்துப் பேசப்பட்ட உலோகம் மலிந்தது. 1899-இல் மார்ட்டென்சன் மெல்லிய அலுமினிய வளையங்களில் எண்ணையும் ஊர்ப் பெயரையும் பொறித்து, 165 ஸ்டார்லிங்குகளின் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். ஊர்ப் பெயரைப் போட்டதுதான் அவருடைய சாமர்த்தியம். எண் மட்டும் இருந்திருந்தால் கண்டெடுத்தவர் யாருக்கு எழுதுவார்?

நகல் எடுப்பவர்கள் காத்திருக்கவில்லை. பால்டிக் கரையில் ரோசிட்டன் பறவை நிலையம் 1903-லேயே வளையமிடத் தொடங்கியது. இந்தியாவுக்கு வந்தபோது வளையம் சமஸ்தான வழியாக வந்தது: 1926-இல் தார் மகாராஜா வாத்துகளுக்கு மாட்டினார். பறவையியலாளர் சாலிம் அலி கையில் அது பெரிய வேலையாக மாறியதற்குக் காரணமோ ஒரு காய்ச்சல். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களும் படுத்தார்கள். அந்தக் காய்ச்சலின் வைரஸுக்கு ரஷ்யாவில் ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு என்று தெரிந்ததும், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்ற சந்தேகம் கிளம்பியது. உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுக்க, 1959-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வளையத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னால் அமெரிக்க ராணுவத்தின் பணமும் வந்து, 1970-களில் நாடாளுமன்றம் வரை சர்ச்சை போனது. பறவைகள்மீதான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. வளையங்களும் வலைகளும் மிஞ்சின. கோடியக்கரை உப்பளங்களில் தலைமுறை தலைமுறையாக ஆராய்ச்சி மாணவர்கள் உள்ளான் பறவைகளைக் கையில் பிடித்து எடைபோடப் பழகியது அந்தத் தொடர்ச்சியில்தான்.

கடலில் கதை வேறு. ஆமைக்குக் கால் இல்லை, துடுப்புதான். வளையம் நிற்காது. கோஸ்டாரிகாவின் டோர்டுகுவேரோ கரையில் 1955-இல் ஆமை ஆய்வாளர் ஆர்ச்சி கார் பேராமைகளின் ஓட்டில் துளையிட்டுக் கம்பியால் தகடு கட்டினார். ஆண் ஆமைகள் இணைசேரும்போது உரசியே அவற்றை அறுத்துப்போட்டன. இதற்குள் உலகின் மறுபக்கம் சரவாக் தீவுகளில் டாம் ஹாரிசனும் ஜான் ஹென்ட்ரிக்சனும் கால்நடைக்காரர்களிடமிருந்து ஒரு யுக்தியை எடுத்திருந்தார்கள்: மாட்டுக் காது வில்லையைத் துடுப்பின் ஓரத்தில் குறடால் கவ்வவிடுவது. நிக்கலும் செம்பும் கலந்த மோனெல் உலோகத்தில் செய்த வில்லை உப்புநீருக்கு எளிதில் அசையாது. காரும் அதையே பிடித்துக்கொண்டார்.

அவர் கூடுதலாக ஒன்று செய்தார். வில்லையைத் திருப்பி அனுப்புபவருக்குப் பரிசுப் பணம் என்று அதிலேயே பொறித்தார். கடிதங்கள் பெரும்பாலும் நிகரகுவாவிலிருந்து வந்தன, அதுவும் ஆமையைப் பிடித்துத் தின்கிற மீனவர்களிடமிருந்து! ஆமை எங்கே மேய்கிறது என்பதை விஞ்ஞானத்துக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். ஆய்வுக் கட்டுரைகளில் இவர்கள் ஒரு நன்றி வரிக்குள் அடங்கிவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

நம் கடற்கரையில் இந்த வேலை மாணவர்களால் நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேக்கரின் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சுற்றி ஓர் இளைஞர் கூட்டம் இரவில் கடலோரம் நடக்கத் தொடங்கியது. நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் சிற்றாமையின் முட்டைகளை நாய்க்கும் மனிதருக்கும் முன்னால் எடுத்து, வேலி போட்ட மணலில் புதைத்தார்கள். அதில் ஒருவர் சதீஷ் பாஸ்கர், ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர். பட்டத்தை விட்டார், கரையைப் பிடித்தார். இந்தியக் கடற்கரைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982-இல் மழைக்காலம் முழுக்க லட்சத்தீவின் சுஹேலியில் தனியாகத் தங்கினார். படகு வராத மாதங்கள். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். சுமார் 800 கி.மீ. மிதந்து 24 நாளில் இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் சிக்கியது. அவர் அதைத் தபாலில் சேர்த்துவிட்டார். வில்லையின் தத்துவமும் இதேதான்: போடுகிறவர் ஒருவர், எடுக்கிறவர் இன்னொருவர்.

1988-இல் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் வலையமைப்பைத் தொடங்கினார்கள். அந்த இரவு நடை இன்னமும் நிற்கவில்லை. ஒடிசாவில் வில்லை பெரிய அளவில் புகுந்தது. கஹீர்மாதாவில் 1970-களில் ஆய்வாளர் சி. எஸ். கர், 1990-களில் டேராடூன் காட்டுயிர் நிறுவனத்தின் ஆராய்ச்சி மாணவர் பிவாஷ் பாண்டவ் என்று ஆயிரக்கணக்கான ஆமைகளுக்கு வில்லை ஏறியது. அவற்றில் சில இலங்கைக் கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் அகப்பட்டு, வங்கக் கடல் ஆமைகளின் பாதையைக் காட்டிக்கொடுத்தன. எதிர்பாராத கடிதம் 2025 ஜனவரியில் வந்தது. 2021-இல் ஒடிசாவில் 03233 என்ற எண் மாட்டப்பட்ட ஆமை, மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையேறி முட்டையிட்டது. கிழக்குக் கரை ஆமைகளும் மேற்குக் கரை ஆமைகளும் தனித்தனிக் கூட்டம் என்று நினைத்திருந்தவர்கள் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

அதே ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைகள் சிக்கிச் சாகும் இழுவை மடி கரைக்கு 5 கடல் மைலுக்குள் கூடாது என்ற சட்டம் இருக்கிறது, நடைமுறைதான் பலவீனம். செத்ததை எண்ணுவதும் மாணவர் வேலையாகிவிட்டது என்பது வருத்தமே.

இப்போது செயற்கைக்கோள் கருவிகள் வந்துவிட்டன. உள்ளான்களின் காலில் நிறக் கொடிகள் மாட்டுவதால், வலை போடாமலே எண்ணூர்க் கழிமுகச் சேற்றோரம் கேமராவுடன் நிற்கும் ஒரு கல்லூரி மாணவி எழுத்தைப் படித்துவிட முடியும். ஆனாலும் உலோக வளையத்துக்கு மின்கலம் தீராது, விலையும் சொற்பம். அதற்கு வேண்டியது கண்டெடுப்பவர் மட்டும்தான்.

ஆகவே காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ எண்ணிட்ட ஆமையோ பறவையோ கண்ணில் பட்டால் வில்லையைப் பிடுங்காதீர்கள். எண்ணும் எழுத்தும் தெரியும்படி படம் எடுங்கள், தேதி, இடம் குறித்துக்கொள்ளுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பறவை வளையத்தில் பம்பாய்க் கழகத்தின் முகவரி இருந்தால், அங்கேயும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.